பருக்குழிக்கு எந்த லேசர் நல்லது?

06.01.2026 – காலை 10.15 – கேள்வி

இரண்டு கன்னத்திலும் பருக்குழி. மாநிறம். பரு வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் (தோலில் துளைத்துளையாகச் சுடுவது) ஒரே தடவை போதும் என்கிறார் ஒருவர். மைக்ரோநீடிலிங் (நுண்ணூசியால் துளைப்பது) ஆறு தடவை என்கிறார் இன்னொருவர். பீல் (அமிலம் பூசித் தோலை உரிப்பது) போட்டாலே போதும் என்று ஒரு வீடியோ சொல்கிறது. லேசர் போட்டால் முகம் கறுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எதை நம்புவது?

06.01.2026 – மாலை 7.20

அந்த மூன்று பேரில் யாரும் கன்னத்தில் இருப்பது எந்த வகைக் குழி என்று கேட்டதாகத் தெரியவில்லை. அதுதான் முதல் கேள்வி. இயந்திரத்தின் பெயர் கடைசியில் வர வேண்டியது.

2001இல் வந்த வகைப்பாடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஐஸ்பிக், பாக்ஸ்கார், ரோலிங் என்று மூன்று. ஐஸ்பிக் குழியின் வாய் 2 மி.மீ.க்கும் குறைவு. கீழே போகப்போக ஒடுங்கி, அடித்தோலைத் தாண்டிக் கொழுப்பு அடுக்குவரை இறங்கும். பாக்ஸ்கார் 1.5 முதல் 4 மி.மீ. அகலம், சுவர் செங்குத்து, தரை தட்டை. ரோலிங் 4 மி.மீ.க்கு மேல் அகலம். ஓரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கன்னம் அலையலையாக இருக்கும். அடியிலுள்ள நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்திருப்பதுதான் காரணம். பெரும்பாலான முகங்களில் மூன்றும் கலந்தே கிடக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து மட்டும் ஒரு விளக்கை அடியுங்கள். நேர் வெளிச்சத்திலும் ஃப்ளாஷிலும் குழி தெரியாது. பிறகு இரண்டு விரலால் கன்னத்தை லேசாக இழுத்துப் பிடியுங்கள். இழுத்தால் மறைகிற குழிக்கு சப்சிஷன் (தோலுக்கடியில் ஊசி விட்டு நார்களை அறுப்பது), நீடிலிங், லேசர் மூன்றுமே வழி. இழுத்தும் மறையாமல் நிற்கிற குழிக்கு மேலோட்டமாக என்ன செய்தாலும் பணம்தான் போகும். 2006இல் வந்த குட்மன்–பேரன் தர வரிசையும் இதைத்தான் அளக்கிறது: 50 செ.மீ. தூரத்தில் குழி தெரிகிறதா, இழுத்தால் மறைகிறதா.

இன்னொன்று. தொட்டால் பள்ளம் தெரியாத பழுப்பு அல்லது சிவப்புத் தடம் தழும்பே இல்லை. அது பரு விட்டுப்போன நிறம். அதற்கு லேசரில் தோலைச் சீவுவது தேவையில்லாத ஆபத்து. சன்ஸ்கிரீனும், விட்டமின் ஏ வகை மருந்தான ரெட்டினாய்டும், அசெலாயிக் அமிலமும் சில மாதங்களில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

06.01.2026 – இரவு 9.05

மேலே விட்டுப்போனது: குழியாக இல்லாமல் மேடாக இருக்கும் தழும்பு. தாடை விளிம்பு, மார்பு, தோள் ஆகிய இடங்களில் வரும். அதை எந்த லேசராலும் சீவக்கூடாது, சீவினால் பெரிதாகலாம். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போட வேண்டும், மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. செறிவில், சில வார இடைவெளியில். ஊசி தழும்பை விட்டு விலகி இறங்கினால் பக்கத்துத் தோல் குழிந்து வெளுக்கும். கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் மேட்டுத் தழும்பு) வரும் உடம்பு என்று தெரிந்தால் முகத்துக் குழிக்கான சிகிச்சையையும் ஒரு சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

07.01.2026

சப்சிஷன் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ரோலிங் குழிக்கு இதைவிட முக்கியமான படி இல்லை. ஆனாலும் பெரும்பாலான பேக்கேஜ்களில் இது இருப்பதே இல்லை.

மெத்தையில் நூல் போட்டு இழுத்துக் கட்டிய இடம் எப்படிக் குழிந்து நிற்குமோ அப்படித்தான் ரோலிங் குழி. மேலே எத்தனை லேசர் போட்டாலும் நூல் அறுபடாமல் குழி எழாது. 1995இல் தந்தையும் மகனுமான ஓரன்ட்ரைக் மருத்துவர்கள் விவரித்த முறை இது. பக்க வெளிச்சத்தில், உட்கார்ந்த நிலையில் குழிகளைப் பேனாவால் குறிக்க வேண்டும். படுத்தால் பாதி குழி மறைந்துவிடும், அதனால் படுக்க வைத்துக் குறிக்கக் கூடாது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினால் மரக்கச் செய்து, அட்ரினலின் வேலை செய்ய 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தக்கட்டு பெரிதாகும். பிறகு நுனி சிறு கத்திபோல இருக்கும் 18 கேஜ் நோகார் ஊசியையோ நுனி மழுங்கிய குழாயான கேனுலாவையோ அடித்தோலுக்குச் சற்றுக் கீழே நுழைத்து, முன்னும் பின்னும், பிறகு விசிறி போலப் பக்கவாட்டிலும் ஓட்டினால் நார்கள் அறுபடும் ஓசை கைக்கே கேட்கும். எதிர்ப்பு நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் இரத்தம் மட்டும்தான் கூடும். வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எங்கே தவறும்: கன்ன எலும்பு வளைவைக் கடந்து நெற்றிப்பொட்டை நோக்கிப் போகிற முகநரம்புக் கிளையும், கீழ்த்தாடை விளிம்பை ஒட்டிய கிளையும் மேலோட்டமாக ஓடுகின்றன. அந்த இடங்களில் கூர் ஊசி ஆழமாக இறங்கக் கூடாது, கேனுலாதான் பாதுகாப்பு. நீலம் பாய்ந்த வீக்கம் ஒன்று முதல் இரண்டு வாரம் இருக்கும். சிலருக்குச் சிறு கட்டிகள் உருண்டு நிற்கும், பெரும்பாலும் தானே கரையும், கரையாவிட்டால் குறைந்த செறிவு ஸ்டீராய்டு ஊசி.

ஆஸ்பிரின் பற்றி ஒரு வார்த்தை. இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ மருத்துவர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இந்த அழகுச் சிகிச்சைக்காக அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நீலம் பாய்ந்தால் பாயட்டும்.

08.01.2026

ஐஸ்பிக் குழிக்கு வருவோம். லேசர் இங்கேதான் தோற்கிறது. ஃப்ராக்‌ஷனல் லேசரின் துளை ஐஸ்பிக்கின் அடியை எட்டுவதில்லை, எட்டினாலும் அந்தக் குறுகிய குழாய் முழுவதையும் தொடுவதில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன: டிசிஏ கிராஸ், அல்லது பஞ்ச்.

கிராஸ் என்பது கொரியாவிலிருந்து 2002இல் வெளியான முறை. 65 முதல் 100 சதவீத டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை (டிசிஏ) குழியின் உள்ளே மட்டும் வைப்பது. மாநிறத் தோலில் 50 சதவீதத்திலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு. முகத்தைக் கழுவி, அசிட்டோனாலோ ஸ்பிரிட்டாலோ எண்ணெய் நீக்கி, நுனி கூராக்கிய மரக்குச்சியை அமிலத்தில் தொட்டு, சொட்டாதபடி விளிம்பில் வழித்துவிட்டு, குழியின் அடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து விநாடி அளவில் குழி வெள்ளையாகும். அந்த வெள்ளை குழியின் வாயோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் பரவினால் குழி அகலமாகும், அதாவது ஐஸ்பிக்கை பாக்ஸ்காராக மாற்றிவிடுவோம். இதுதான் கிராஸில் நடக்கும் மிகச் சாதாரணமான கெடுதல். குச்சிக்குப் பதில் பஞ்சு மொட்டை வைத்துச் செய்கிற இடங்களில் அடிக்கடி நடக்கும்.

அடுத்த சில நாட்களுக்கு ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு பொருக்கு. அதை நகத்தால் எடுக்கக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்து மறுபடி வைக்கலாம். மூன்று முதல் ஆறு முறை ஆகும்.

வாய் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும் குழிக்கு பஞ்ச். குழியின் விட்டத்துக்குச் சற்றே பெரிய வட்டக் கத்தியால் குழியையே வெட்டி எடுத்து 6–0 நூலால் ஒரு தையல். முகத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிக்க வேண்டும், தாமதித்தால் தையல் தடமே புதுத் தழும்பாகும். தரை நன்றாக இருக்கும் பாக்ஸ்காரில் தரையை வெட்டி எறியாமல், மேலே தூக்கி நிறுத்திவிடலாம்.

08.01.2026 – மாலை

"டிசிஏ ஆன்லைனில் கிடைக்கிறதே, நானே குச்சியால் வைத்துக்கொண்டால் என்ன?"

வேண்டாம், தயவுசெய்து. காரணம் செறிவு. மருத்துவத்தில் 50 சதவீதம் என்றால் 50 கிராம் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்குவது. அதே 50 கிராமை 100 மி.லி. தண்ணீரில் போட்டுக் கரைத்தாலோ, 100 சதவீதத் திரவத்தில் சரிபாதி தண்ணீர் கலந்தாலோ கிடைக்கும் பலம் வேறு. இணையத்தில் விற்கும் புட்டியில் எந்தக் கணக்கு என்று எழுதியிருப்பதில்லை. மூடி சரியாக இல்லாத புட்டியில் தண்ணீர் ஆவியாகிச் செறிவு ஏறியும் இருக்கும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சொந்த முகத்தில் வைக்கும்போது ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் கருவிழி வெந்துவிடும். டிசிஏவை எந்தத் திரவத்தாலும் நடுநிலையாக்கித் தடுக்க முடியாது. வெள்ளை விழுந்தபின் ஊற்றும் தண்ணீர் எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். கிளைகாலிக் அமிலம் அப்படியில்லை, அதைச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்தலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

11.01.2026

இனி லேசர்.

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் படேல். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலிலுள்ள தண்ணீர் அதை உறிஞ்சி ஆவியாகிறது. எர்பியம் யாக் என்ற இன்னொரு லேசர் 2,940 நானோமீட்டர், தண்ணீர் அதைப் பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சுகிறது. அதனால் எர்பியம் சுத்தமாகச் சீவும், சுற்றிலும் மிகக் குறைவாகத்தான் சுடும். கார்பன் டை ஆக்சைடு சீவியபடியே சுற்றுப்புறத்தையும் சுடும். அந்தச் சூடுதான் தோலைச் சுருக்கி, கொலாஜனைத் தூண்டி, இரத்தக் கசிவையும் அடைக்கிறது. அதே சூடுதான் மாநிறத்தில் கருமைக்கும் காரணம்.

தொண்ணூறுகளில் முகம் முழுவதையும் ஒரே தளமாகச் சீவினார்கள். சுருக்கம் அழகாகப் போனது. ஆனால் சிவப்பு மாதக்கணக்கில் நின்றது, சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து நிறமே போய் வெளுத்தது. 2004இல் மேன்ஸ்டைன், ஆண்டர்சன் குழுவினர் ஃப்ராக்‌ஷனல் கருத்தை வெளியிட்டார்கள்: முழுத் தளத்தையும் சுடாமல், முடியளவு விட்டமுள்ள நூற்றுக்கணக்கான தூண்களை மட்டும் சுட்டு, இடையிலுள்ள நல்ல தோலை விட்டுவைப்பது. அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் ஊர்ந்து வந்து துளையை மூடுவதால் ஆறுவது வேகமாகிறது.

இப்போது கேள்வி கேட்டவரின் பயத்துக்கு வருகிறேன். ஃப்ராக்‌ஷனலில் இரண்டு திருகு இருக்கிறது. ஒன்று ஆற்றல், அது துளையின் ஆழம். மற்றது அடர்த்தி, அதாவது ஒரு சதுர செ.மீ.யில் எத்தனை துளை. மாநிறத் தோலில் கருமையைக் கூட்டுவது பெரும்பாலும் அடர்த்திதான், ஆழம் அல்ல. ஆற்றலைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டி "மென்மையாகப்" போடுகிறவர்கள் பாதுகாப்பாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு தலைகீழாகச் செய்கிறார்கள். குழி ஆழமானது என்பதால் ஆழமும் வேண்டும். ஆகவே ஆற்றலைத் தேவையான அளவு வைத்து, அடர்த்தியைக் குறைத்து, ஒரே இடத்தில் அடுத்தடுத்து அடிக்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் குளிர்ந்த காற்றோ ஐஸ் பையோ கொடுத்து, அமர்வுகளை அதிகமாக்க வேண்டும். ஒரே அமர்வில் முடிக்க ஆசைப்பட்டு நான்கு சுற்று அடிப்பதுதான் கறுத்த கன்னங்களின் வரலாறு.

11.01.2026 – இரவு

கழுத்து! மறந்துவிடக் கூடாது. முகத்தில் ஆறுதலைத் தருவது மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும். புதுத் தோல் அங்கிருந்துதான் எழுகிறது. கழுத்தில் அவை மிகக் குறைவு. முகத்துக்கு வைத்த அதே அளவில் கழுத்துக்கும் லேசர் ஓட்டினால் கிடைமட்டமாகக் கோடுகோடாகத் தழும்பு விழும். கீழ் இமையும் அப்படியே, அதிகம் சுருங்கினால் இமை வெளிப்பக்கம் புரளும். இந்த இரண்டு இடத்திலும் ஆற்றல், அடர்த்தி இரண்டையுமே இறக்க வேண்டும்.

12.01.2026

"எனக்கு ஒரு மணிநேரம் மரப்புக் கிரீம் பூசி பிளாஸ்டிக் சுற்றி உட்கார வைத்தார்கள், தலை சுற்றியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைச் சின்ன விஷயமாகக் கடந்துவிட முடியாது.

லிக்னோகெயின் தோல் வழியாகவும் இரத்தத்தில் ஏறும். அதிகப் பரப்பு, அதிக நேரம், மேலே பிளாஸ்டிக், ஏற்கெனவே உரிந்த தோல் ஆகிய நான்கும் சேர்ந்தால் நஞ்சாகலாம். நாக்கு மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தலைசுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே துடைத்துக் கழுவ வேண்டும். தொடர்ந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும்.

ஊசியாகப் போடும்போது உச்சவரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி., அட்ரினலின் கலந்தால் 7 மி.கி. 60 கிலோ எடைக்கு 270 மி.கி. 2 சதவீத லிக்னோகெயினில் மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது, எனவே 13.5 மி.லி.தான். அட்ரினலினோடு 21 மி.லி. முகம் முழுக்கக் கிரீமும் பூசி, சப்சிஷனுக்கு ஊசியும் போட்டால் இரண்டும் ஒரே கணக்கில் சேரும். இதை எண்ணாமல் விடுகிற இடங்கள் இருக்கின்றன.

லிக்னோகெயின், பிரிலோகெயின் கலந்த கிரீம் காரத்தன்மை உடையது. கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி புண்ணாகும். மரத்துப்போன கண்ணுக்கு எரிவதும் தெரியாது. இமையருகே பூசாமல் இருப்பதே நல்லது. லேசருக்கு முன் கிரீமை முழுவதும் துடைத்து, தோல் உலர வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முற்றிலும் ஆவியாகும்வரை லேசரைத் தொடக்கூடாது, தீப்பிடிக்கும். ஆக்சிஜன் குழாய் முகத்தருகே ஓடினாலும் அதே ஆபத்து. இமையைச் சுற்றி லேசர் அடிப்பதென்றால் இமைக்குள் வைக்கிற உலோகக் கவசம் வேண்டும், வெளியே மாட்டும் கண்ணாடி போதாது.

15.01.2026

மைக்ரோநீடிலிங் பற்றித் தனித்தனியாகப் பத்துக் கேள்வி. சேர்த்தே எழுதுகிறேன்.

ஊசி துளைக்கிறது, சூடு இல்லை. அதனால் கருமை ஆபத்து லேசரைவிடக் குறைவு. மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த தோலுக்கும் இது நல்ல தொடக்கம். தழும்புக்கு 1.5 மி.மீ. அளவிலான ஊசி வேண்டும், கன்னத்தின் தடித்த பகுதியில் 2 வரை போகலாம், நெற்றியிலும் கண்ணோரத்திலும் குறைக்க வேண்டும். கிடைமட்டம், செங்குத்து, இரண்டு மூலைவிட்டம் என்று நான்கு திசையில் ஓட்டி, சீராகப் புள்ளிப்புள்ளியாக இரத்தம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். வழிந்தால் அதிகம். மின்பேனாவைத் தோலில் அழுத்தி இழுத்தால் ஊசி கீறிக்கொண்டே போகும், தண்டவாளம் போட்டதுபோல் இணைகோடாகத் தழும்பு வரும். 4 முதல் 6 வார இடைவெளி.

துளைத்த தோலில் எதைப் பூசுகிறோம் என்பது துளைப்பதைவிட முக்கியம். மேலே பூசுவதற்கென்று செய்த விட்டமின் சி சீரத்தை ஊசி வழியாக உள்ளே தள்ளியதால் முகத்தில் கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டிகள் வந்தது 2014இல் மருத்துவ இதழில் பதிவானது. வாசனை, பதப்படுத்திகள், தாவரச் சாறு எல்லாம் தோலின் மேல் இருக்கும்வரைதான் சாது. அன்று முழுவதும் ஸ்டெரைல் சலைன் அல்லது ஹையலூரானிக் ஜெல் போதும்.

வீட்டு ரோலர் 0.2, 0.3 மி.மீ. என்றால் மேல்தோலோடு நிற்கும், குழியை ஒன்றும் செய்யாது. 1.5 மி.மீ. ரோலரை வீட்டில் உருட்டக் கூடாது. பருவின் மேல் உருட்டினால் கிருமி முகம் முழுக்கப் பரவும், தட்டையான மரு இருந்தால் உருட்டிய கோட்டிலேயே வரிசையாக முளைக்கும். ஊசித்தலையை இன்னொருவரோடு பகிர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இரத்தம் எடுத்து ஊசியால் முகத்தில் ஏற்றும் சிகிச்சையால் எச்ஐவி பரவியதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2024இல் வெளியிட்டது. ஊசித்தலை மூடிய உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும்.

15.01.2026 – பிற்பகல்

ரேடியோ அலை நீடிலிங்கை மேலே சேர்க்கவில்லை, காரணம் அது வேறு சாதி. ஊசி நுனியிலிருந்து சூடு உள்ளே பாய்கிறது. "சூடு இல்லை" என்று நான் சொன்ன நிம்மதி இதற்குப் பொருந்தாது. ஊசியின் தண்டு மின்காப்பிட்டதாக இருந்தால் மேல்தோல் தப்பிக்கும், நல்ல கையில் மாநிறத்துக்குப் பொருத்தமான கருவி. ஆனால் ஆழம் அதிகமாக வைத்தால் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகும், அது திரும்பாது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் என்று வந்த புகார்களை வைத்து அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரிக்கை வெளியிட்டது. ஒல்லியான முகக்காரர்கள் ஊசியின் ஆழம் எவ்வளவு என்று கேட்டே தீர வேண்டும்.

19.01.2026

லேசர் போட்டபின் வீட்டில் என்ன செய்வது என்பதைப் பாதிப் பேர் எழுதி வாங்குவதே இல்லை. பாதிக் கேடு இங்கேதான் நடக்கிறது.

தோலைச் சீவும் வகை என்றால் முதல் நாட்களில் நீர் கசியும், வீங்கும். கசிவைப் பொருக்காக உலர விடக் கூடாது. 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு 19 பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்தால் 0.25 சதவீத அசெட்டிக் அமிலம். அதில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்து, மெதுவாகத் துடைத்து, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறையளவு. வாசனைக் கிரீம் வேண்டாம். நியோமைசின் கலந்த களிம்பும் வேண்டாம், ஒவ்வாமை வந்தால் அது ஒவ்வாமையா கிருமியா என்று பிரித்தறிய முடியாது. ஃப்ராக்‌ஷனலில் ஒரு வாரத்துக்குள் தோல் மூடும். முழுத்தளச் சீவலில் ஏழு முதல் பத்து நாள்.

வலியைக் கவனியுங்கள். முதல் நாள் எரிவது இயல்பு, அடுத்தடுத்த நாளில் குறைய வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலி கூடினால் ஹெர்ப்பஸ் (உதட்டுப் புண் வைரஸ்) அல்லது பாக்டீரியா என்று கொண்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலே இல்லாத இடத்தில் ஹெர்ப்பஸ் கொப்புளமாக வராது, சிறுசிறு வட்டப் புண்ணாகத்தான் தெரியும், அதனால் தவறவிடுகிறார்கள். ஏற்கெனவே இருந்த தழும்பைவிட மோசமான தழும்பு இதனால் வரும். இதனாலேயே முகம் முழுக்கச் சீவும்போது, இதற்குமுன் உதட்டுப் புண் வந்ததோ இல்லையோ, அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளையோ வாலாசைக்ளோவிர் 500 மி.கி. இரண்டு வேளையோ முந்தைய நாளே தொடங்கித் தோல் மூடும்வரை கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். அரிப்பு கடுமையாக இருந்தால் பூஞ்சையும் இருக்கலாம்.

வெள்ளைப் பொடிமணிகள், பருபோன்ற பொரிகள் வந்தால் பதற வேண்டாம். ஜெல்லியின் அடைப்பால் வருவது. தோல் மூடியதும் ஜெல்லியை நிறுத்தி லேசான மாய்ஸ்ச்சரைசருக்கு மாறுங்கள்.

20.01.2026

கருமை. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தலைகாட்டும். அதாவது எல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்று சன்ஸ்கிரீனை விடுகிற சமயத்தில்.

"முன்கூட்டியே ஹைட்ரோகுவினோன் பூசிக்கொண்டால் கறுக்காது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். தோலைச் சீவும் லேசரில் இதனால் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் யோசித்தால் புரியும்: கிரீம் அமுக்கி வைத்த மேற்பரப்பு நிறச்செல்கள் லேசரோடு போய்விடுகின்றன. புதியவை மயிர்க்காலின் அடியிலிருந்து ஏறி வருகின்றன, அங்கே கிரீம் எட்டியதே இல்லை. பின்னால் பூசுவதுதான் வேலை செய்யும். தோல் முழுவதும் மூடி, எரிச்சல் நின்றபின் ஹைட்ரோகுவினோன் 4 சதவீதமோ அசெலாயிக் 15–20 சதவீதமோ. ஹைட்ரோகுவினோனைச் சில மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நீண்ட காலம் பூசினால் தோல் நீலக்கருப்பாக மாறும், அதற்கு நல்ல மருந்தே இல்லை. ஸ்டீராய்டு கலந்த மும்மருந்துக் கிரீமை வாரக்கணக்கில் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். அதையே வெள்ளையாக்கும் கிரீமாக வருடக்கணக்கில் பூசித் தோல் மெலிந்து சிவந்தவர்களுக்கு எந்த லேசரும் போட முடியாது.

சன்ஸ்கிரீன் அளவு: ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. என்பதே சோதனையின் அடிப்படை. முகம், கழுத்துக்குச் சேர்த்து ஆள்காட்டி, நடு விரல் நீளத்துக்கு இரண்டு கோடு. மாநிறத்தைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு. நிறமற்ற சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன்தான் தடுக்கும்.

22.01.2026

பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதம் எதையும் தொடக்கூடாது என்பது பழைய விதி. 2017இல் நிபுணர் குழு எல்லாப் பதிவுகளையும் அலசியபின், மேலோட்டமான பீலுக்கும், கையால் செய்யும் டெர்மாபிரேஷனுக்கும் (தோலைத் தேய்த்தெடுப்பது), தோலைச் சீவாத லேசருக்கும் அப்படிக் காத்திருக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இயந்திர டெர்மாபிரேஷனுக்கும் முழுத்தளச் சீவலுக்கும் மட்டும் பழைய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. பூசும் ட்ரெட்டினாயின் வேறு கதை: பீலுக்குச் சில நாள் முன்பு நிறுத்தாவிட்டால் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும்.

25.01.2026

"அம்மாவுக்கு 60 வயது, குழி இல்லை, வாயைச் சுற்றிச் சுருக்கம். இதே லேசரா?"

வயதுச் சுருக்கத்தில் கொலாஜன் மேலடுக்கில்தான் சிதைந்திருக்கும், வெயில் பட்ட எலாஸ்டின் (தோலுக்கு மீள்தன்மை தரும் நார்) அங்கே திரண்டு கிடக்கும். அதனால் ஆழத்தைவிட சீரான பரப்புதான் தேவை. வெளிர்த் தோலில் முழுத்தளச் சீவலும் 35 சதவீத டிசிஏ பீலும் நல்ல பலன் தரும். 35 சதவீதத்துக்கு முன் ஜெஸ்னர் கரைசல் பூசுவது 1989இல் மான்ஹைட் காட்டிய வழி. ஜெஸ்னர் என்பது ரெசார்சினால், சாலிசிலிக், லாக்டிக் மூன்றும் 14 கிராம் வீதம், மொத்தம் 100 மி.லி. வரும்படி எத்தனாலில். அது மேல்தோலைத் தளர்த்திவிடுவதால் டிசிஏ திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக இறங்கும்.

டிசிஏவில் பார்க்க வேண்டியது கடிகாரம் அல்ல, வெள்ளை. சிவப்பின் மேல் மெல்லிய, விட்டுவிட்ட வெள்ளை முதல் நிலை. சீரான வெள்ளை, அடியில் சிவப்பு தெரிந்தால் இரண்டாம் நிலை. அடர் வெள்ளை மூன்றாம் நிலை. மாநிறத்தில் முதல் நிலையோடு நிறுத்த வேண்டும். ஒரு கோட் பூசி மூன்று நான்கு நிமிடம் காத்திருக்காமல் அடுத்த கோட் போட்டால், முதல் கோட்டின் வெள்ளை ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் சேர்ந்துவிடும். 50 சதவீதத்தை முகம் முழுக்கப் பூசுவது தழும்பை வாங்கிக்கொள்வது. முன்னே சொன்ன கிராஸில் 100 வரை போவது புள்ளியளவு இடத்தில் என்பதால்தான், அந்த எண்ணை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஃபீனால் பீல் ஆழமான வாய்ச் சுருக்கத்தில் இன்றும் வலிமையானது. ஆனால் ஃபீனால் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். இசிஜி ஓடிக்கொண்டிருக்க, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, முகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இடையில் பதினைந்து நிமிடம் விட்டுச் செய்ய வேண்டும். மாநிறத்துக்கு இது வேண்டவே வேண்டாம், நிறம் நிரந்தரமாகப் போகும்.

அம்மாவின் தோல் மாநிறம் என்றால் ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் இரவில், சன்ஸ்கிரீன் பகலில், பிறகு சீவாத 1,550 நானோமீட்டர் ஃப்ராக்‌ஷனல் சில அமர்வுகள். மெதுவான பாதைதான். ஆனால் நிறம் பிழைக்கும்.

28.01.2026

முதல் கேள்வியைக் கேட்டவர் பக்க விளக்கில் பார்த்து எழுதியிருக்கிறார்: இழுத்தால் பாதிக்கு மேல் மறைகிறது, பத்துப் பதினைந்து குழி மட்டும் ஊசிக்குத்தாக நிற்கிறது, நெற்றிப்பொட்டருகே இரண்டு பெரிய பள்ளம்.

அப்படியென்றால் கலப்பு. பரு நின்று ஒரு வருடமானது நல்ல செய்தி, பரு வரும்போதே குழியைத் தொட்டால் புதுக் குழி வந்துகொண்டே இருக்கும். மருத்துவரிடம் பேசும்போது இந்த வரிசையைக் கேளுங்கள். முதலில் ரோலிங் பகுதிக்கு சப்சிஷன், ஊசிக்குத்துகளுக்கு அதே நாளில் கிராஸ். ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் தேவைப்பட்டால் மறுபடி. நெற்றிப்பொட்டுப் பள்ளம் நரம்புக் கிளை ஓடும் இடம், கூர் ஊசி வேண்டாம், கேனுலாவோ, பள்ளத்தை நிரப்பும் ஹையலூரானிக் ஃபில்லரோ. ஃபில்லர் என்றால் அங்கே இரத்தக் குழாய்களும் உண்டு, கரைக்கும் ஹையலூரானிடேஸ் கையிருப்பில் இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடியும் துளையும் எழுந்தபின் மிச்சமிருக்கும் சொரசொரப்புக்குத்தான் ஃப்ராக்‌ஷனல் லேசரோ நீடிலிங்கோ. லேசர் என்றால் குறைந்த அடர்த்தி, காதுக்கு முன் ஒரு சிறிய இடத்தில் சோதனை அடித்து நான்கு முதல் ஆறு வாரம் கருமை வருகிறதா என்று பார்த்துவிட்டு முழுக் கன்னம்.

எல்லாம் சேர்ந்து ஒரு வருடமாகும். குழி முழுவதும் போகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாதிக்கு மேல் குறைந்தால் அது நல்ல பலன்.

28.01.2026 – மாலை

"எப்போது பலன் தெரியும்?" ஒரு வாரத்தில் குழி நிறைந்ததுபோல் தெரிவது வீக்கம். அது வடிந்ததும் மனம் உடைய வேண்டாம். புதுக் கொலாஜன் கெட்டிப்பட மூன்று முதல் ஆறு மாதம். படம் எடுத்து ஒப்பிடுவதென்றால் அதே அறை, அதே பக்க விளக்கு, அதே தூரம், முகம் கழுவி உலர்ந்த பின், சிரிக்காமல். கைபேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள்.